காதுக்கு ஒரு ரெனிட்டா

கொம்பையாவை அடக்கம் செய்த மறுநாள் காலை ரெனிட்டா துக்கம் கேட்கப் போனாள். முற்றத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்திகூட நகர்ந்து அவளுக்கு இடம் விடவில்லை.

அவளுக்கு அது புதிது. தருவைப்பட்டியில் ரெனிட்டாவை நிற்க வைத்த வீடு கிடையாது. உப்பளத் தொழிலாளர்களுக்கான 'உப்புக்காற்று' சமுதாய வானொலியில் பல வருஷமாக அவள்தான் பேசுகிறாள். கண்ணாடியும் காலுறையும் கொடுக்காமல் ஆட்களைப் பாத்தியில் இறக்கிய முதலாளிகளின் பெயரை ஊரறியச் சொன்னவள். மாதவிடாய் நாளில் உப்பு வாரும் பெண்களுக்கு நிழற்கூரை வேண்டும் என்று விடாமல் பேசி, அதைக் கட்ட வைத்தவள். இன்றைக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றாள்.

"எதுக்குக்கா வந்தீங்க?" என்று கேட்டாள் பிரம்மசக்தி. கொம்பையாவின் மனைவி. அழுது தீர்ந்துபோன குரல்.

"என்ன சொல்லணும்னே தெரியல, சக்தி. அன்னைக்குக் காலையில அவ்வளவு சொல்லியும்..."

"நீங்க சொல்லித்தான அவுக போனாவ."

ரெனிட்டாவுக்கு முதலில் புரியவில்லை. "நான் போகாதீங்கன்னுல்லா சொன்னேன்?"

ஊருக்குக் கிழக்கே, உப்பளங்களைவிட உயரத்தில், கடல்நீரிலிருந்து லித்தியம் எடுக்கும் கம்பெனியின் கழிவுநீர்த் தேக்கம் இருந்தது. அதன் நிறத்தைப் பார்த்து ஊர்க்காரர்கள் 'பச்சைக்குளம்' என்பார்கள். மூன்று நாளுக்கு முன், விடிந்தும் விடியாமலும், தேக்கத்தின் கரையில் வெடிப்பு விட்டிருப்பதாக அங்கே காவல் இருந்தவர் ரெனிட்டாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் ஓடிப்போய் ஒலிபரப்பைத் தொடங்கி, கிழக்கு அளங்களுக்கு ஒருவரும் போக வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்படியும் நாலைந்து பேர் போயிருந்தார்கள். கரை உடைந்தபோது மற்றவர்கள் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். உள்பாத்தியில் நின்ற கொம்பையாவால் முடியவில்லை.

"நானும் பக்கத்துல இருந்துதான கேட்டேன்" என்றாள் சக்தி. "சோறு கட்டிக்கிட்டிருந்தேன். 'கரையில லேசான கசிவு இருக்கு, ஆள் வச்சுச் சரிபண்ணுதாங்க, பயப்பட ஒண்ணுமில்ல, கவனமா வேலையப் பாருங்க'ன்னு நீங்கதான் சொன்னீங்க. ஒங்க குரல் எனக்குத் தெரியாதா? 'பாத்தியாட்டி, ரெனிட்டாக்காவே சொல்லிட்டாவ'ன்னு சிரிச்சுக்கிட்டே சைக்கிள எடுத்தாவ."

"சத்தியமா நான் அப்படிச் சொல்லல."

"அப்ப நான் பொய் சொல்லுதேனா? தாலியறுத்துட்டு உக்காந்து பொய் சொல்லுதேனா?"

சுவரோரம் இருந்த ஒரு பெண், தனக்குப் 'போகாதீங்க' என்றுதான் கேட்டது என்றாள். இன்னொருத்தி, அப்படியொரு அறிவிப்பே வரவில்லை, பாட்டுத்தான் ஓடியது என்றாள். ஆளாளுக்குக் குரல் உயர்ந்தது. அந்தச் சத்தத்தை அடக்கியது கொம்பையாவின் தம்பி இசக்கிராஜ்.

"அக்காவ யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க! இந்த ஊர்ல அவுக ஒருத்தருக்குத்தான் தைரியம் இருக்கு. 'கரை தானா ஒடையல, கம்பெனிக்காரன் வேணும்னே வெட்டிவுட்டான், அளத்தக் காலி பண்ணத்தான் இந்த வேலை'ன்னு நேத்து ரேடியோவுல பட்டவர்த்தனமா சொன்னாவல்லா?"

ரெனிட்டா அவனைத் திரும்பிப் பார்த்தாள். பழி சொன்னவளைவிட, தனக்காகப் பரிந்து பேசியவன்தான் அவளை அதிகம் பயமுறுத்தினான்.

"இசக்கி, நான் அதையும் சொல்லலப்பா. கரை பலவீனமா இருந்துச்சு, கம்பெனிக்கு அது முன்னாடியே தெரியும், தெரிஞ்சும் எச்சரிக்கல. இவ்வளவுதான் சொன்னேன்."

அவன் குரலைத் தாழ்த்தி, "மெரட்டுதானுவளாக்கா?" என்று கேட்டான். "சொல்லுங்க. நாங்க பாத்துக்கிடுதோம்."

*

வானொலி நிலையம் கடற்கரைச் சாலையில், மூடிப்போன ஐஸ் கம்பெனியின் மாடியில் இருந்தது. ரெனிட்டா வந்து விழுந்த வேகத்தைப் பார்த்ததும் நிஸா ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்தினாள். காயல்பட்டினத்துப் பெண், நிலையத்தின் கருவிகள் எல்லாம் அவள் பொறுப்பு.

அன்றைக்குக் காலை ஒலிப்பதிவை இருவரும் ஓட்டிக் கேட்டார்கள். "கிழக்கு அளங்களுக்கு ஒருவரும் போக வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், ஒருவரும் போக வேண்டாம்." ரெனிட்டாவின் குரல். அச்சத்தில் கொஞ்சம் உடைந்திருந்தது.

"அப்ப அவ கேட்டது யார?" என்றாள் ரெனிட்டா.

நிஸா மேசையில் கிடந்த குட்டிப்பெட்டியை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பினாள். சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் அளவு, தண்ணீர் புகாத வானொலி. பழைய முறை ஒலிபரப்பை அரசு நிறுத்தியபோது ஒரு நிறுவனம் இந்தப் பெட்டிகளை ஊர் முழுக்க இலவசமாகக் கொடுத்தது. வயதானவர்களுக்கு மெதுவாகப் பேசும், படிக்காதவர்களுக்குக் கடினமான சொல்லை எளிதாக்கிச் சொல்லும் என்றார்கள். பெட்டி வந்த பிறகுதான் 'உப்புக்காற்'றைக் கேட்காத வீடே இல்லை என்று ஆனது.

"அக்கா, இதுக்குள்ள ஒங்க குரல் போறதே இல்ல, தெரியுமா?"

"என்னடி சொல்ற?"

"அலைவரிசைய மிச்சப்படுத்தணும்னு, நீங்க பேசுறத எழுத்தா மாத்தித்தான் இங்கிருந்து அனுப்புறோம். ஒங்க குரலோட அச்சு ஒவ்வொரு பெட்டியிலயும் இருக்கு. பெட்டி அந்த எழுத்த வாங்கி, ஒங்க குரல்ல பேசிக்காட்டுது. ஏத்தம் இறக்கம் இருமல் எல்லாம் அதுவே போட்டுக்கும். இங்கிருந்து எழுத்து சரியாத்தான் போயிருக்கு, பாத்துட்டேன். மாறியிருந்தா பெட்டிக்குள்ளதான் மாறியிருக்கணும்."

பெட்டி நிறுவனத்தின் எண்ணைப் பிடித்து, இரண்டு மூன்று பேரைத் தாண்டி, ஹரிசங்கர் என்ற அதிகாரியை நிஸா இணைப்பில் கொண்டுவந்தாள். திரையில் தெரிந்த முகம் இளமையாக இருந்தது. ரெனிட்டா கேட்டதும் அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"மாத்தறதில்ல மேடம். இசைவு பண்றோம். கேக்கறவங்களுக்கு ஏத்த மாதிரி."

"மெதுவா பேசும், எளிமையா பேசும்னுதான சொன்னீங்க?"

"அப்படித்தான் ஆரம்பிச்சோம். ஆனா பெட்டிக்கு நாங்க குடுத்தது ஒரே ஒரு வேலை. கேக்கறவர் அணைச்சிடக் கூடாது. எந்தப் பேச்சுக்கு அணைக்கிறார், எந்தப் பேச்சுக்குச் சத்தத்தைக் கூட்டறார்னு அது கவனிச்சுக்கிட்டே இருக்கும். கத்துக்கும். அணைக்காத மாதிரி சொல்லும். ஒவ்வொருத்தர் பெட்டியும் தனித்தனியா கத்துக்குது. நாங்க யாரும் உக்காந்து எதையும் எழுதறதில்ல."

"கொம்பையாவோட பெட்டி என்ன கத்துக்கிச்சு?"

அவர் எதையோ தட்டிப் பார்த்தார். முதல் முறையாகக் கொஞ்சம் தயங்கினார். "அவர்... வேலைக்குப் போக வேண்டாம்னு நீங்க சொல்ற அறிவிப்பு வந்தாலே அணைச்சிடுவார். மழை, புயல், வேலைநிறுத்தம், எதுவா இருந்தாலும்."

"ஏன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"அது பதிவாகாது, மேடம்."

"அவருக்கு அன்னன்னைக்கு வேல செஞ்சாத்தான் வீட்டுல ஒல வைக்க முடியும். போகாதன்னு நான் சொல்லும்போதெல்லாம் அந்த மனுசன் வயித்துல அடிக்கிற மாதிரி இருந்திருக்கு. அதக் காதால கேக்க முடியாம அணைச்சிருக்காரு. அதுக்குப்போயி..."

"பெட்டிக்கு அவர் அணைச்சார்ங்கறது மட்டும்தான் தெரியும்" என்றார் ஹரிசங்கர். அவர் முகமும் வெளிறியிருந்தது. ஆனால் அடுத்து அவர் பேசியபோது பக்கத்தில் யாரோ நின்று சொல்லிக்கொடுப்பதுபோல் இருந்தது. இந்த வசதியை நிறுத்த மேலிடத்தின் அனுமதி வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். அதுவரை இதை வெளியே சொன்னால் ஒப்பந்தப்படி அலைவரிசை நின்றுபோகும். சமுதாய வானொலி அறிவிப்பு செய்யலாம், அரசியல் பேசக்கூடாது என்பது விதி. உங்கள் நிலையத்தின் மேல் ஏற்கெனவே புகார்கள் இருக்கின்றன.

இணைப்பு அறுந்தது. இரண்டாவது கழிவுநீர்த் தேக்கம் கட்ட அனுமதி கேட்டு லித்தியம் கம்பெனி விண்ணப்பித்திருந்தது. அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் அடுத்த வாரம். ஊரே வரும். ஒவ்வொருவரும் தன் பெட்டி சொன்ன உண்மையோடு வருவார்கள். அத்தனையும் ரெனிட்டாவின் குரலில்.

அப்போதுதான் தகவல் வந்தது. இசக்கிராஜும் அவன் கூட்டாளிகளும் பெட்ரோல் கேன்களோடு கம்பெனி வாசலுக்குப் போகிறார்கள். பகல் ஷிஃப்டில் உள்ளே நூற்றுக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள். பாதி தருவைப்பட்டிப் பெண்கள்.

ரெனிட்டா யோசிக்கவில்லை. மைக்கைத் திறந்தாள். "தம்பிகளா, நான் ரெனிட்டா பேசுறேன். கம்பெனிக்கு உள்ள இருக்கிறது நம்ம ஆளுங்க. ஆத்திரத்துல எதையும் செஞ்சிராதீங்க. தயவுசெஞ்சு..."

நிஸா ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு கையையும் வீசினாள். ஓடிவந்து மைக்கை மூடினாள்.

"பேசாதீங்கக்கா! நீங்க சொல்லுறது அவங்களுக்கு என்னவாப் போய்ச் சேருதுன்னு நமக்குத் தெரியாது. அவன் பெட்டி அவன் கோவத்தத்தான் கத்து வச்சிருக்கு. நீங்க பேசப் பேச அவனுக்கு ஏறும்."

"சரி, நிறுத்திட்டேன்."

"நிறுத்தினாலும் நிக்காது" என்றாள் நிஸா. "ஒலிபரப்பு விட்டுப்போனா பெட்டி பழைய பேச்சிலிருந்து எதையாவது சேத்து ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கும். கேக்கறவன் போயிரக் கூடாதே."

ரெனிட்டா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

*

வழியில் கொம்பையாவின் வீட்டு முன் வண்டியை நிறுத்தினாள். உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே, பெட்டிக்குள் நடப்பதையும் இசக்கி போயிருக்கும் இடத்தையும் மூச்சு வாங்கச் சொன்னாள். அவளுக்கே அது நம்பும்படியாகத் தோன்றவில்லை.

பிரம்மசக்தி எழுந்து வந்தாள். "எங்கட்டி போற? வாசப்படி தாண்டக் கூடாது இப்ப" என்று ஒரு கிழவி சேலையைப் பிடித்து இழுத்தாள். சக்தி அந்தக் கையை விலக்கினாள். மூலையில், ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தனுப்பிய கொம்பையாவின் பொருட்கள் ஒரு பையில் கிடந்தன. அதிலிருந்து அவருடைய குட்டிப்பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லுதத நான் நம்பலக்கா" என்றாள் வண்டியில் ஏறியபடி. "என் கொழுந்தன் செயிலுக்குப் போயிரக் கூடாது. அதுக்குத்தான் வாறேன்."

கம்பெனி வாசலில் அறுபது எழுபது பேர் நின்றார்கள். இரும்புக் கதவுக்குப் பின்னால் காவலாளிகள் தடியோடு வரிசை கட்டியிருந்தார்கள். அவர்களிலும் இரண்டு பேர் தருவைப்பட்டிக்காரர்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பெட்ரோல் வாசனை சாலை வரைக்கும் வந்தது. கூட்டத்தில் எல்லோர் காதிலும் குட்டிப்பெட்டியின் ஒயர் தொங்கியது.

ரெனிட்டாவைக் கண்டதும் ஒரு கூச்சல் எழுந்தது. "அக்கா வந்துட்டாவ! ஏ, அக்காவே வந்துட்டாவல!" வழிவிட்டார்கள். யாரோ அவள் பெயரைச் சொல்லி வாழ்க என்றான். அவள் நேராக இசக்கிராஜிடம் போனாள். அவன் காலடியில் இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்றின் மூடி திறந்திருந்தது.

"இசக்கி, எல்லாரையும் கூட்டிட்டு வீட்டுக்குப் போ."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "என்னக்கா?"

"வீட்டுக்குப் போங்க. ஒங்கண்ணனுக்கு நியாயம் வாங்க நானும் நிக்கேன். இப்படி இல்ல."

"இப்பத்தானக்கா, வழி நெடுகச் சொன்னீங்க? 'ஒருத்தனும் பின்வாங்காதீங்க, இன்னைக்கு விட்டா என்னைக்கும் இல்ல'ன்னு? இந்தா, இப்பக்கூட காதுல..." அவன் காதைத் தொட்டான். பிறகு அவள் மூடிய வாயைப் பார்த்தான். அவன் காதுக்குள் ரெனிட்டா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் கத்தினான். "வெலைக்குப் போயிட்டா டோய்! ரேடியோவுல ஒண்ணு, நேர்ல ஒண்ணு!" ஒரு கல் பறந்து வந்து ரெனிட்டாவின் தோளில் பட்டது. அவள் தடுமாறினாள். சக்தி அவளுக்கு முன்னால் வந்து நின்றாள். வெள்ளைச் சேலையில் அவளைப் பார்த்ததும் கூட்டம் கொஞ்சம் பின்வாங்கியது.

"மதினி, நீ எதுக்கு இங்க..." என்றான் இசக்கி.

"அவுக என்ன சொல்ல வந்தாவன்னு கேளுல. கேட்டுட்டு எதையும் செய்யி."

ரெனிட்டா கைப்பேசியில் நிஸாவை அழைத்தாள். "என்னை நேரலையில போடு." பிறகு கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "எல்லாரும் காதுல இருக்கிறத எடுங்க. பெட்டிச் சத்தத்தக் கூட்டி, கையில வச்சுக்கோங்க. என் வாயப் பாருங்க. அப்புறம் ஒங்க பெட்டியக் கேளுங்க. இவ்வளவுதான் நான் கேக்கறது."

முணுமுணுத்தபடி ஒவ்வொருவராக எடுத்தார்கள். ரெனிட்டா கைப்பேசியை வாயருகே கொண்டுபோனாள்.

"தருவைப்பட்டி மக்களே, நான் ரெனிட்டா. கம்பெனி வாசல்ல நின்னு பேசுறேன். உள்ள நம்ம வீட்டுப் பொம்பளைங்க வேலை செய்யுறாங்க. யாரும் தீ வைக்காதீங்க. எல்லாரும் திரும்பி வீட்டுக்குப் போங்க."

வாயை இறுக மூடிக்கொண்டாள். சில வினாடிகள் எதுவும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு காவலாளி இருமினான்.

பிறகு பெட்டிகள் பேசத் தொடங்கின.

"...கம்பெனி வாசலில் நின்று சொல்கிறேன், உள்ளே நம் பெண்களை அடைத்து வைத்திருக்கிறார்கள், கதவை உடையுங்கள்..." அது இசக்கியின் கையிலிருந்து. பக்கத்தில் நின்றவனுடைய பெட்டி, போலீஸ் வருகிறது, ஓடி ஒளிந்துகொள்ளுங்கள் என்றது. இன்னொன்று, முதலாளிகள் பேச்சுவார்த்தைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள், வெற்றி நமக்கே என்று மகிழ்ச்சியில் தழுதழுத்தது. ஒரு பெட்டி சாதியின் பெயரைச் சொல்லி, கரை உடைந்ததற்குக் காரணம் தெற்குத் தெருக்காரர்கள்தான் என்றது. அதை வைத்திருந்தவன் அவசரமாகக் கையால் பொத்தினான். அவன் பக்கத்தில் தோளோடு தோள் நின்றவன் தெற்குத் தெருக்காரன். எல்லாம் ரெனிட்டாவின் குரல். எழுபது ரெனிட்டாக்கள் ஒரே நேரத்தில் பேச, நடுவில் வாய்மூடி ஒருத்தி நின்றாள்.

சத்தம் மெல்ல அடங்கியது. ஒரே ஒரு பெட்டி மட்டும் தாமதமாகப் பேசியது. சக்தியின் உள்ளங்கையில் இருந்தது. மூன்று நாளாக அணைந்து கிடந்ததை அவள் இப்போதுதான் போட்டிருந்தாள்.

"கொம்பையாண்ணே, கம்பெனிப் பக்கம் எல்லாம் அமைதியா இருக்கு. கிழக்கு அளத்துல வேலை வழக்கம்போல நடக்குது. பயப்படாம வாங்க."

சக்தி அந்தப் பெட்டியைப் பார்த்தபடியே நின்றாள். அவள் அழவில்லை. அதைத் தரையில் போட்டு மிதிக்கவும் இல்லை. ரெனிட்டாவிடம் நீட்டினாள். "அவுக செத்துட்டாவன்னுகூட இதுக்குத் தெரியலக்கா" என்றாள்.

இசக்கிராஜ் கேனின் மூடியைத் தேடி எடுத்துத் திருகினான். அது இரண்டு மூன்று தடவை நழுவியது. பிறகு சாலையிலேயே உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். போலீஸ் வந்தபோது கூட்டத்தில் பாதிக்கு மேல் கலைந்திருந்தது. அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு நாளில் ஜாமீனில் விட்டார்கள்.

*

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு யாரும் பெட்டி கொண்டுவரவில்லை. நிஸா கோயில் கொடைத் திருவிழாவில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுத்து வந்திருந்தாள். கம்பெனி தரப்பு படம் போட்டுக் காட்டி விளக்கிய பிறகு, பிரம்மசக்தி மேடையேறினாள். கரையில் வெடிப்பு இருப்பது கம்பெனிக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். பதில் வரவில்லை. திரும்பவும் அதையே கேட்டாள். மூன்றாவது தடவை அவள் கேட்டபோது, திடலில் இருந்த எல்லோர் காதிலும் ஒரே கேள்வி ஒரே மாதிரி விழுந்தது என்பதைக் கவனித்த ரெனிட்டாவுக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஊர் ஒரு சொல்லைச் சேர்ந்து கேட்டது.

இரண்டாவது தேக்கத்துக்கான அனுமதியை மாவட்ட நிர்வாகம் நிறுத்தி வைத்தது. விசாரணைக் குழு போட்டார்கள். கொம்பையாவின் பெட்டியைச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். விஷயத்தை வெளியே சொன்னதற்காக 'உப்புக்காற்'றின் அலைவரிசையையும் நிறுத்தினார்கள். மாதம் ஒன்றுக்கு மேல் ரெனிட்டா வழக்கறிஞர்களின் வாசலில் காத்திருந்தாள். போன இடமெல்லாம் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாள். நான் போகச் சொல்லவில்லை, இதோ பாருங்கள், நான் சொல்லவில்லை. கடைசியில் அலைவரிசை திரும்பக் கிடைத்தது. பெட்டி நிறுவனம் மன்னிப்புக் கேட்கவில்லை என்றாலும், ஒவ்வொரு பெட்டியிலும் 'மூலக்குரல்' என்று ஒரு பொத்தானைத் திறந்துவிட்டது. அதை அழுத்தினால் நிலையத்தில் பேசியது மட்டும், பேசியபடியே கேட்கும்.

முதல் நாள் ஒலிபரப்பு முழுவதும் ரெனிட்டா அதைப் பற்றியே பேசினாள். எல்லோரும் அழுத்திவிடுங்கள் என்று கெஞ்சாத குறை. சில வாரம் கழித்து நிஸா கணக்கெடுத்துப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"சொல்லுடி."

"பாதிக்கும் கம்மி, அக்கா. அழுத்தினவங்கள்லயும் கொஞ்சப் பேரு திரும்ப மாத்திக்கிட்டாங்க."

"எல்லாந் தெரிஞ்சுமா?"

"எங்க தெருவுல ஒருத்தங்ககிட்ட கேட்டேன். மூலக்குரல்ல நீங்க ரொம்ப அதட்டுறீங்களாம். எப்பப் பாத்தாலும் கெட்ட செய்தியாம்."

விசாரணை அறிக்கை வந்த மறுநாள், அதை வாசித்து மத்தியான நிகழ்ச்சிக்காக ரெனிட்டா முன்கூட்டியே பதிவு செய்தாள். அறிக்கையில் கொம்பையாவைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. தண்ணீர் சூழ்ந்த பிறகும் அவர் நெடுநேரம் உயிரோடு இருந்திருக்கிறார். உப்புக் குவியலின் மேல் ஏறி நின்று கத்தியிருக்கிறார். கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு அது கேட்டிருக்கிறது. ரெனிட்டா அதைப் பல தடவை நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்தாள். ஒலிபரப்பாகும்போது சக்தி அதைத் தனியாகக் கேட்க வேண்டாம் என்று, நிகழ்ச்சியை நிஸாவின் பொறுப்பில் விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

சக்தி அளத்திலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். இப்போது அவள்தான் வேலைக்குப் போகிறாள். கதவோரம் உட்கார்ந்து, காலில் அப்பியிருந்த உப்பைக் கழுவியபடி, பக்கத்தில் வைத்திருந்த தன் பெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி தொடங்கிவிட்டிருந்தது.

"...அவரு கஷ்டப்படல, சக்தி. ஒரு நொடிதான். தூங்குற மாதிரி போயிட்டாரு. கடைசியா ஒன் பேரச் சொன்னாராம்..."

ரெனிட்டா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய குரல்தான். ஆனால் அவளுக்கு ஒருநாளும் வராத மென்மை அதில் இருந்தது.

"நீ பொத்தான அழுத்தலியா, சக்தி?"

"வாங்கக்கா. உக்காருங்க." சக்தி நகர்ந்து இடம் விட்டாள். "அழுத்தத் தெரியும். அறிக்கைய இசக்கி நேத்தே படிச்சுக் காட்டிட்டான். அவுக எவ்வளவு நேரம் நின்னு கத்துனாவன்னு எனக்குத் தெரியும். கோர்ட்டுல கேட்டாலும் சொல்லுவேன், எத்தனை தடவ கேட்டாலும் சொல்லுவேன். ஊருக்கு நீங்க நெசத்தச் சொல்லுங்க, அதான் வேணும். ஆனா இந்த உச்சி நேரத்துல வீட்டுக்குள்ள ஒத்தையில உக்காந்திருக்கப்போ..." பெட்டியைக் கையால் சுட்டினாள். "பொய்யின்னு தெரிஞ்சேதான் கேக்கேன்."

ரெனிட்டா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டி தொடர்ந்து பேசியது.

"...சக்தி, என்னைய மன்னிச்சிரு. எங்குரலக் கேட்டுத்தான் அவரு போனாரு. நான் சொல்லல, ஆனா எங்குரல்தான். என்னைய மன்னிச்சிரு."

"இது..." என்றாள் ரெனிட்டா.

"ஆமாக்கா. இதுவும் நீங்க சொல்லல. தெரியும்." சக்தி சேலைத் தலைப்பால் காலைத் துடைத்துக்கொண்டாள். "தெனமும் ஒரு தடவயாவது இதச் சொல்லிரும். இது வரும்போது நான் சத்தத்தக் கூட்டுதேன் போல."

ரெனிட்டா தன் கைகளைப் பார்த்தாள். எத்தனை அலுவலகங்களில், எத்தனை பேர் முன்னால் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாள். நான் சொல்லவில்லை. அது உண்மைதான், அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. சக்தியிடமும் அவள் சொன்னது அது ஒன்றுதான்.

"சக்தி" என்றாள். பெட்டிக்குள் அவள் குரல் சரளமாக அடுத்த செய்திக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேலாக, கரகரத்து, பாதி விழுங்கி, அவள் சொன்னாள்: "என்னைய மன்னிச்சிரு."

சக்தி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். இரண்டு குரல்களில் எது பேசியது என்று தெரியாதவள்போல ஒரு கணம் தயங்கினாள். பிறகு கையை நீட்டிப் பெட்டியை அணைத்தாள்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள்.